ஃபெரோ: தென்னையிலும் பனையிலும் ஒட்டியிருக்கும் ஓர் இலத்தீன் வினைச்சொல்

கல்லூரித் தோட்டத்திலோ அரசுப் பூங்காவிலோ நடக்கும்போது மரத்தில் கட்டித் தொங்கவிடப்பட்ட சிறிய தகரப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். மேல்வரியில் மரத்தின் தமிழ்ப் பெயரும் கீழ்வரியில் அதன் தாவரவியல் பெயரும் எழுதியிருக்கும். தென்னைக்குக் கோக்கோஸ் நூசிஃபெரா என்றும், பனைக்குப் பொராசுஸ் ஃபிளாபெல்லிஃபெர் என்றும், மாமரத்துக்கு மாங்கிஃபெரா இண்டிகா என்றும், முருங்கைக்கு மொரிங்கா ஒலிஃபெரா என்றும் பெயர். இந்த நான்கையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நான்கிலும் ‘ஃபெர்’ என்னும் அசை வருவது காதில் விழும். நம் ஊரில் மனிதருக்கு மிக வேண்டிய நான்கு மரங்களின் பெயரிலும் ஒரே இலத்தீன் வினைச்சொல் உட்கார்ந்திருக்கிறது. சுமத்தல், தாங்குதல், கொண்டுவருதல் என்று பொருள்படும் அந்த வினையை இலத்தீன் அகராதிகள் ‘ஃபெரோ’ என்ற வடிவில் தருகின்றன.

நூக்ஸ் என்றால் கொட்டை. ஆகவே நூசிஃபெரா என்பது கொட்டையைத் தாங்குவது. ஃபிளாபெல்லும் என்றால் விசிறி. பனையோலையைக் கண்டவர்களுக்கு ஃபிளாபெல்லிஃபெர், அதாவது விசிறி தாங்குவது, என்ற பெயர் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ஒலெயும் என்றால் எண்ணெய்; முருங்கை விதையில் எண்ணெய் உண்டு என்பதால் அது ஒலிஃபெரா. மாங்கிஃபெரா என்பது மாங்காயைத் தாங்கும் மரம். மாங்காய் என்னும் தென்னிந்தியச் சொல்தான் போர்த்துகீசியர் நாவில் ‘மாங்கா’ என்று திரிந்து ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே இலத்தீன் வினையோடு சேர்ந்து, மீண்டும் நம் மாமரத்துக்கே பெயராக வந்தது. மொரிங்கா என்ற முதற்பெயரும் முருங்கை என்னும் சொல்லின் வழியே வந்ததுதான். தென்னை, பனை, மா ஆகிய மூன்றும் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பெயர்களைப் பெற்றன.

ஒரே பின்னொட்டு ஓரிடத்தில் ஃபெர் என்றும் வேறோர் இடத்தில் ஃபெரா என்றும் நிற்பதற்குக் காரணம் இலத்தீனின் பால் பாகுபாடு. அந்த மொழியில் பெயர்ச்சொற்கள் ஆண்பால், பெண்பால், பொதுப்பால் என்று மூன்று வகைப்படும். பெயரைத் தழுவி வரும் அடைமொழியும் அதே பாலில் நிற்க வேண்டும். பொராசுஸ் ஆண்பாலாகக் கொள்ளப்பட்டதால் அதன் அடைமொழி ஃபிளாபெல்லிஃபெர் என்று முடிகிறது. மொரிங்கா பெண்பால் ஆகையால் ஒலிஃபெரா. பொதுப்பாலுக்குச் சமையலறையிலேயே எடுத்துக்காட்டு கிடைக்கும்: கசகசாவைத் தரும் செடி பப்பாவெர் சோம்னிஃபெரும், அதாவது ‘உறக்கத்தைக் கொண்டுவருவது’. அபினும் அந்தச் செடியிலிருந்தே எடுக்கப்படுகிறது என்பதை நினைத்தால் பெயரின் பொருத்தம் விளங்கும்.

இனி வினைக்குள் நுழைவோம். இலத்தீன் வினையில் தமிழருக்கு வேற்றுமை தோன்றாத ஓர் இயல்பு உண்டு. ‘சுமக்கிறேன்’ என்று நாம் சொல்லும்போது ‘நான்’ என்ற சொல் தேவைப்படுவதில்லை. ‘ஏன்’ என்ற விகுதியே பேசுபவரைக் காட்டிவிடுகிறது. இலத்தீனும் அப்படித்தான். ஃபெரோ என்றால் சுமக்கிறேன். அது தனியே நின்று முழு வாக்கியம் ஆகும். ஃபெர்ஸ் என்றால் சுமக்கிறாய், ஃபெரிமுஸ் என்றால் சுமக்கிறோம், ஃபெர்த்திஸ் என்றால் சுமக்கிறீர்கள், ஃபெருன்த் என்றால் சுமக்கிறார்கள். படர்க்கை ஒருமையில் மட்டும் தமிழ் காட்டும் நுட்பத்தை இலத்தீன் காட்டுவதில்லை. ஃபெர்த் என்ற ஒரே வடிவம் சுமக்கிறான், சுமக்கிறாள், சுமக்கிறது என்ற மூன்றுக்கும் பொது. யார் என்பதைச் சூழலிலிருந்து கொள்ள வேண்டும். ஒலிப்பு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்லின் இறுதியில் வரும் ‘த்’ என்ற எழுத்தைப் ‘பத்து’ என்பதில் வருவதுபோல் வல்லொலியாகப் பலுக்க வேண்டும். முதலில் வரும் ‘ஃபெ’ குறில். குறில் எகரத்தையும் நெடில் ஏகாரத்தையும் பிரித்துக் காட்டும் எழுத்து நம்மிடம் இருப்பது இலத்தீன் கற்பவருக்கு நல்ல துணை, ஏனெனில் அந்த மொழியில் குறிலும் நெடிலும் மாறினால் பொருளே மாறிவிடும் இடங்கள் பல.

இலத்தீன் இலக்கணங்கள் ஃபெரோவை ஒழுங்கற்ற வினைகளின் பட்டியலில் வைக்கின்றன. தொடக்கக் கல்வியில் இந்தச் சொல்லே மாணவரை அச்சுறுத்திவிடுகிறது. ஆனால் நிகழ்காலத்தில் உள்ள ஒழுங்கின்மை உண்மையில் மிகச் சிறியது. ‘ஆள்கிறேன்’ என்னும் பொருளுடைய ரெகோ என்ற ஒழுங்கான வினையை அருகே வைத்துப் பாருங்கள்: ரெகோ, ரெகிஸ், ரெகித், ரெகிமுஸ், ரெகித்திஸ், ரெகுன்த். இதைப் பின்பற்றினால் ஃபெரிஸ், ஃபெரித், ஃபெரித்திஸ் என்று வந்திருக்க வேண்டும். ஃபெரோவில் அந்த மூன்று இடங்களில் மட்டும் நடுவில் உள்ள இகரம் இல்லை. ஃபெர் என்ற அடியோடு விகுதி நேரடியாக ஒட்டிக்கொள்கிறது: ஃபெர்ஸ், ஃபெர்த், ஃபெர்த்திஸ். வினையின் பெயராக நிற்கும் வடிவத்திலும் இதுவே நடந்தது. சுமத்தல் என்பதைக் குறிக்கும் அந்த வடிவம் முற்காலத்தில் ஃபெர்-செ என்று இருந்து, சகரம் தன் முன் நின்ற ரகரத்தோடு ஒன்றி, ஃபெர்ரெ ஆயிற்று. ‘நல்’ என்பதும் ‘நிலம்’ என்பதும் சேரும்போது நன்னிலம் ஆகிற மொழியைப் பேசுகிற நமக்கு, ஒலிகள் ஒன்றையொன்று தம் வயப்படுத்துவது புதிய செய்தி அன்று.

ஏவலிலும் இதே சுருக்கம் உண்டு. இலத்தீனில் ஒருவனை ஏவும்போது பெரும்பாலும் வினையடியோடு ஓர் உயிரெழுத்து சேரும். ஃபெரோவும் இன்னும் மூன்று வினைகளும் மட்டும் அந்த உயிரை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும்: தீக் (சொல்), தூக் (நடத்திச் செல்), ஃபாக் (செய்), ஃபெர் (கொண்டு வா). இலத்தீன் வகுப்புகளில் இந்த நான்கையும் பாட்டுப்போல் மனப்பாடம் செய்வார்கள். தமிழிலோ வா, தா, போ, நட, சொல் என்று வினையடியே ஏவல் ஆகிறது. இலத்தீனில் நான்கே வினைகளுக்கு நேர்ந்த விதிவிலக்கு நமக்குப் பொதுவிதி. பலரை ஏவினால் ஃபெர்த்தெ என்று வரும்.

இறந்தகாலத் தொடர்ச்சியையும் எதிர்காலத்தையும் விரைவாகக் கடந்துவிடலாம், ஏனெனில் அவை முற்றிலும் ஒழுங்கானவை. சுமந்துகொண்டிருந்தேன் என்பதற்கு ஃபெரேபம். சுமப்பேன் என்பதற்கு ஃபெரம், சுமப்பாய் என்பதற்கு ஃபெரேஸ், சுமப்பான் என்பதற்கு ஃபெரெத். இவற்றில் ஓரிடத்தில் மட்டும் நின்று பார்க்க வேண்டும். ஃபெர்த் என்றால் இப்போது சுமக்கிறது. ஃபெரெத் என்றால் இனிச் சுமக்கும். இரண்டுக்கும் இடையே இருப்பது ஒற்றை உயிரெழுத்து. உரோமானியக் கவிஞர் வெர்கில் தம் நான்காம் முல்லைப்பாட்டில் (இடையர் வாழ்வைப் பாடும் அவருடைய பாடல்களை இங்கே அப்படி அழைக்கிறேன்), வரப்போகும் பொற்காலத்தைப் பற்றி ‘ஒம்னிஸ் ஃபெரெத் ஒம்னியா தெல்லூஸ்’ என்று பாடுகிறார்: எல்லா நிலமும் எல்லாவற்றையும் விளைவிக்கும். அந்த உயிரெழுத்தைத் தவறவிட்டால், வருங்காலத்தைப் பற்றிய அந்தக் கனவு இன்றைய நிலவரத்தைச் சொல்லும் செய்தியாகிவிடும்.

ஃபெரோவின் உண்மையான புதிர் முற்றுப்பெற்ற இறந்தகாலத்தில் தொடங்குகிறது. நான் இலத்தீன் கற்கத் தொடங்கிய முதல் ஆண்டில், பாடப்பகுதி ஒன்றில் ‘துலித்’ என்ற சொல்லைக் கண்டு, என்னிடம் இருந்த சிறு அகராதியில் அதன் எழுத்தின் கீழ் ஒரு மாலை முழுவதும் தேடினேன். அது அங்கே இல்லை. மறுநாள் ஆசிரியர் ஃபெரோவின் பதிவைத் திறந்து, தலைப்புச் சொல்லை அடுத்து வரிசையாக நின்ற மூன்று வடிவங்களின் மேல் விரலை வைத்தார்: ஃபெரோ, ஃபெர்ரெ, துலீ, லாத்தும். இலத்தீன் அகராதி ஒவ்வொரு வினைக்கும் இப்படி நான்கு வடிவங்களைத் தருவது மரபு. முதலாவது ‘சுமக்கிறேன்’, இரண்டாவது ‘சுமத்தல்’, மூன்றாவது ‘சுமந்தேன்’, நான்காவது, சுமக்கப்பட்ட என்னும் பொருளில் வரும் எச்சத்துக்கு அடி. இந்த நான்கும் தெரிந்தால் அந்த வினையின் எல்லா வடிவங்களையும் கட்டிவிடலாம். துலீ, துலிஸ்தீ, துலித், துலிமுஸ், துலிஸ்திஸ், துலேருன்த் என்று மூன்றாம் அடியிலிருந்து இறந்தகாலம் முழுவதும் ஒழுங்காக விரிகிறது. லாத்துஸ் (சுமக்கப்பட்டவன்), லாத்தூருஸ் (சுமக்கப்போகிறவன்) என்பன நான்காம் அடியிலிருந்து வருகின்றன.

ஆனால் ஃபெர், துல், லாத் என்ற மூன்றும் எப்படி ஒரே வினை ஆகும்? தமிழில் வருகிறான், வந்தான், வா என்று வடிவங்கள் மாறினாலும் அவை ஒரே வேரின் திரிபுகள். கூர்ந்து பார்த்தால் உறவு தெரியும். ஃபெர் என்பதற்கும் துல் என்பதற்கும் அத்தகைய உறவு எதுவும் இல்லை. அவை இரண்டு வெவ்வேறு வேர்கள். ஒரு வினையின் காலி இடத்தை வேறொரு வினை வந்து நிரப்பிய நிகழ்ச்சி இது. ஆங்கிலத்தில் ‘கோ’ என்ற வினையின் இறந்தகாலம் ‘வென்ட்’ என்று முற்றிலும் வேறு சொல்லாக இருப்பதும் இவ்வகைதான்.

இந்த இரண்டு வேர்களும் தமிழ் வாசகருக்குப் புதியவை அல்ல. இலத்தீனும் சமஸ்கிருதமும் ஆங்கிலமும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரு மூலச் சொல் அவற்றில் வெவ்வேறு ஒலிகளோடு வளர்ந்திருக்கும். சமஸ்கிருதத்தில் மூச்சோடு ஒலிக்கும் பகரம் நிற்கும் இடத்தில் இலத்தீன் சொல்லின் முதலில் ஃபகரமும், ஆங்கிலத்தில் மெலிந்த பகரமும் வரும். உடன்பிறந்தவனைக் குறிக்கும் பிராத்ரு, ஃபிராத்தெர், பிரதர் என்ற மூன்றும் அதற்குச் சான்று. அதே விதிப்படி, இலத்தீனின் ஃபெர் என்பதும், சமஸ்கிருதத்தில் தாங்குதலைக் குறிக்கும் ‘பர்’ என்னும் வேரும், ஆங்கிலத்தில் சுமப்பதையும் பொறுப்பதையும் பிள்ளை பெறுவதையும் குறிக்கும் ‘பேர்’ என்ற வினையும் உடன்பிறப்புகள். அந்த வேரிலிருந்து வந்த ‘பாரம்’ என்ற சொல்லைத் தமிழில் நாம் நாள்தோறும் புழங்குகிறோம். மனைவியைத் தாங்குபவன் என்ற பொருளில் கணவனைக் குறித்த ‘பர்த்தா’ என்ற பழைய சொல்லும் அதே வேரினது.

துல் என்ற இரண்டாவது வேர் தூக்குதலைக் குறிக்கும். இலத்தீனில் ‘தூக்குகிறேன்’ என்று பொருள்படும் தொல்லோ என்ற தனி வினை உண்டு. துலீ முதலில் அந்த வினையின் இறந்தகாலம். சமஸ்கிருதத்தில் அதே வேர் தூக்கி எடைபார்ப்பதைக் குறித்தது. அங்கிருந்து வந்த துலா, துலாக்கோல், துலாம் ராசி ஆகியவற்றை நாம் அறிவோம். யாழ்ப்பாணத்தில் கிணற்று நீரை மேலே தூக்கும் நெடுமரத்துக்கும் துலா என்றே பெயர்.

இப்போது கோயிலில் துலாபாரம் கொடுக்கும் காட்சியை மனத்தில் கொண்டுவாருங்கள். மண்டபத்தில் பெரிய தராசு தொங்குகிறது. ஒரு தட்டில் தாய் தன் குழந்தையை உட்கார வைக்கிறாள். குழந்தையின் எடையில் அந்தத் தட்டு தரையைத் தொடுகிறது. மறுதட்டில் வெல்லத்தையோ வாழைப்பழத்தையோ ஒவ்வொன்றாக அடுக்குகிறார்கள். ஒரு கட்டத்தில் குழந்தையின் தட்டு மெல்லத் தரையைவிட்டு எழுகிறது. ஒருபக்கம் பாரம், மறுபக்கம் அதைத் தூக்கும் துலா. ‘துலாபாரம்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் துலீயின் வேரும் ஃபெரோவின் வேரும் அருகருகே இருக்கின்றன. இலத்தீன் மாணவர்களை அலைக்கழிக்கும் ‘ஃபெரோ, துலீ’ என்ற இணையைத் தமிழர் பிறந்ததிலிருந்தே ஒரு சொல்லாகக் கேட்டு வருகிறார்கள். இதை முதன்முதலில் உணர்ந்த நாளுக்குப் பிறகு அந்த வடிவங்கள் எனக்கு மறந்ததே இல்லை.

சுமக்கும் வினை தூக்கும் வினையிடம் ஏன் கடன் வாங்க வேண்டும்? மொழியியலார் தரும் விளக்கம் எனக்கு நிறைவளிக்கிறது. சுமத்தல் என்பது தொடர்ந்து நடக்கும் செயல். அதற்குள் ‘இதோ முடிந்தது’ என்று சொல்லத்தக்க ஒரு கணம் இல்லை. தூக்குதலோ ஒரு கணத்தில் முடிந்துவிடும் செயல். ஆகவே நடந்துகொண்டிருக்கும் செயலைச் சொல்ல ஃபெர் என்ற வேர் பொருந்தியது. முடிந்த செயலைச் சொல்ல துல் பொருந்தியது. கிரேக்க மொழியிலும் இதே வினை (அங்கே அது ஃபெரோ என்றே ஒலிக்கும்) எதிர்காலத்துக்கு ஒரு வேரையும் இறந்தகாலத்துக்கு வேறொரு வேரையும் துணைக்கு அழைக்கிறது என்பதைப் பார்க்கும்போது, இது இலத்தீனில் மட்டும் தற்செயலாக நேர்ந்த விபத்து அன்று என்று தெரிகிறது. தன் இறந்தகாலத்தைக் கொடுத்துவிட்ட தொல்லோ, சுஸ்துலீ என்று முன்னொட்டுச் சேர்த்த வடிவத்தைத் தனக்கு வைத்துக்கொண்டது.

மீதமுள்ள லாத்தும் தோற்றத்தில் மட்டுமே அந்நியமானது. அதன் பழைய வடிவம் த்லாத்தும். சொல்லின் முதலில் ‘த்ல்’ என்ற கூட்டொலியை இலத்தீன் தாங்காது. ஆகவே தகரம் உதிர்ந்து லாத்தும் எஞ்சியது. உதிர்ந்த தகரத்தைத் திரும்ப ஒட்டிப் பார்த்தால் த்லா, துல் என்ற இரண்டும் ஒரே வேர் என்பது விளங்கும். ஆக, மூன்று அடிகள், இரண்டு வேர்கள். துலீயின் வரலாற்றிலும் ஓர் உதிர்வு உண்டு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டை ஒட்டிய நாடகங்களில் தெதுலீ என்று முதலெழுத்து இரட்டித்த வடிவம் காணப்படுகிறது. பிற்காலத்தில் அந்த முதல் அசை மறைந்தது. ஆனால் ‘திரும்பக் கொண்டுவந்தேன்’ என்னும் ரெத்துலீ என்ற சொல்லை உரோமானியர் இரண்டு தகரம் இட்டே எழுதினார்கள். மறைந்த அசையின் தடம் அந்த இரட்டைத் தகரத்தில் இருக்கிறது.

பொருளுக்கு வருவோம். அகராதியில் ஃபெரோவுக்கு ஒரு பக்கத்துக்கும் மேல் பொருள் இருப்பதைக் கண்டு தொடக்க மாணவர்கள் மலைப்பார்கள். எல்லாம் ‘ஒன்றைத் தன்மேல் ஏற்று நகர்தல்’ என்ற ஒரே படத்திலிருந்து கிளைத்தவை. நேர்ப்பொருளுக்கு ஜூலியஸ் சீசர் எழுதியதிலிருந்து ஓர் இடம். கி.மு. 55-இல் உரோமானியக் கப்பல்கள் பிரிட்டன் கரையை அடைந்தபோது, கடலின் ஆழத்துக்கு அஞ்சி வீரர்கள் இறங்கத் தயங்கினார்கள். அப்போது பத்தாம் படையணியின் கழுகுச் சின்னத்தை ஏந்தியவன் கப்பலிலிருந்து குதித்து, ‘இன் ஹொஸ்தேஸ் அக்விலம் ஃபெர்ரெ’ தொடங்கினான், அதாவது கழுகைப் பகைவரை நோக்கிச் சுமந்து செல்லத் தொடங்கினான் என்று சீசர் எழுதுகிறார். சின்னம் பகைவர் கையில் சிக்குவது பேரவமானம் என்பதால் மற்றவர்களும் குதித்தார்கள். அவன் வாள் வீசியதாக அந்த இடத்தில் ஒரு சொல்லும் இல்லை. சுமந்து நடந்தான், அவ்வளவே.

சுமையை உடம்பு தாங்குவதுபோல் துன்பத்தை மனம் தாங்குகிறது. இந்தப் பொருள்விரிவு தமிழில் இன்னும் அழகாக அமைந்திருக்கிறது. ‘பொறை’ என்றால் சுமையும் ஆகும், பொறுமையும் ஆகும். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை’ என்ற குறளில் தாங்குதல் நிலத்துக்கும் பொறுத்தல் மனிதருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது; இலத்தீனில் இரண்டுக்கும் ஃபெர்ரெ என்ற ஒரே சொல் போதும். ஒன்றை எப்படிப் பொறுக்கிறோம் என்பதைச் சொல்ல ஓர் அடையைச் சேர்ப்பார்கள். ஐக்ரே ஃபெர்ரெ என்றால் வருத்தத்தோடு பொறுத்தல். நம் வழக்கில் ‘மனம் பொறுக்கவில்லை’ என்போம். வெர்கிலின் காவியத்தில் முதியவர் ஒருவர், மனம் தளர்ந்த தலைவனிடம், வருவது எதுவாயினும் ஊழ் முழுவதையும் ‘ஃபெரெந்தோ’, அதாவது பொறுத்தே வெல்ல வேண்டும் என்று சொல்கிறார். அந்த ஒற்றைச் சொல்லைத் தமிழாக்கும்போது ‘சுமந்தே’ என்று எழுதினாலும் பிழையில்லை.

மரம் காயைத் தாங்குகிறது, நிலம் பயிரைத் தருகிறது. தகரப் பலகைகளில் கண்ட பொருள் இது. வழியும் சுமக்கும்: ஒரு பாதை ஓர் இடத்துக்கு ‘ஃபெர்த்’ என்றால் அது நம்மை அங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பொருள். சட்டமும் சுமக்கப்படும்: லேகெம் ஃபெர்ரெ என்றால் மக்கள் மன்றத்தின் முன் சட்ட முன்வடிவைக் கொண்டுவருதல், ‘மசோதா கொண்டுவந்தார்கள்’ என்று நம் நாளிதழ்கள் எழுதுவது சொல்லுக்குச் சொல் அதுவே. சட்டம் படிப்பவர்கள் இன்றும் லெக்ஸ் லாத்தா, லெக்ஸ் ஃபெரெந்தா என்று இரண்டைப் பிரித்துப் பேசுவார்கள். முன்னது ஏற்கெனவே கொண்டுவரப்பட்டு நடப்பில் உள்ள சட்டம். பின்னது இனிக் கொண்டுவரத்தக்க சட்டம். ஒரே வினையின் இரண்டு அடிகள் ‘இருப்பது’ என்பதையும் ‘இருக்க வேண்டியது’ என்பதையும் பிரித்துக் காட்டும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

செய்தியைச் சுமப்பவர்களும் உண்டு. எழுவாய் எதுவும் இல்லாமல் ஃபெருன்த் என்று மட்டும் வந்தால் ‘சுமக்கிறார்கள்’ என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. ‘என்று சொல்கிறார்கள்’ என்பது பொருள். செய்தியை ஊரெங்கும் வாயில் கொண்டு திரிகிறவர்கள் யார் என்று சொல்லப்படாது. நம் பழைய நூல்களில் ‘என்ப’ என்ற ஒரு சொல் செய்யும் பணி முழுவதையும் ஃபெருன்த் செய்கிறது. ‘எண்ணென்ப ஏனை எழுத்தென்ப’ என்பதிலும் சொல்பவர் யார் என்று பெயர் இல்லை. ஃபெர்த்துர் என்ற செயப்பாட்டு வடிவமும் ‘என்று சொல்லப்படுகிறது’ என்று நிற்கும். அதே செயப்பாட்டு வடிவம் வேறோர் இடத்தில் வெள்ளத்தாலோ சினத்தாலோ இழுத்துச் செல்லப்படுவதைக் குறிக்கும். எது பொருந்தும் என்பதை அண்டைச் சொற்கள் காட்டிவிடும்.

கொண்டுவருவது இலத்தீனில் கொண்டுபோவதும் ஆகும். இதைத் தமிழில் பெயர்க்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். ‘ஒம்னியா ஃபெர்த் ஐத்தாஸ், அனிமும் க்வோக்வெ’ என்று வெர்கிலின் முல்லைப்பாட்டு ஒன்றில் வயது முதிர்ந்த இடையன் சொல்கிறான். ‘காலம் எல்லாவற்றையும் கொண்டுவருகிறது’ என்று பெயர்த்தால் இலக்கணப்படி தவறு இல்லை. ஆனால் அடுத்து அவன், சிறுவயதில் பொழுது சாயும்வரை பாடிய பாடல்கள் எல்லாம் இப்போது மறந்துபோயின என்கிறான். ஆகவே ‘காலம் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடுகிறது, மனத்தையும்கூட’ என்பதே சரி. இதற்கு எதிரான திசையில், டிராய் நகரத்துக்கு வெளியே கிரேக்கர் விட்டுச்சென்ற மரக்குதிரையைக் கண்ட பூசாரி சொல்லும் புகழ்பெற்ற வரி இருக்கிறது: ‘திமெயோ தனாவோஸ் எத் தோனா ஃபெரென்தேஸ்’. பரிசு கொண்டுவந்தாலும் கிரேக்கரைக் கண்டு அஞ்சுகிறேன் என்பது பொருள். தோனா என்பது பரிசுகள். ‘தானம்’ என்ற சொல்லின் உறவு. ஃபெரென்தேஸ் என்பது ‘கொண்டுவருகிற’ என்னும் நிகழ்காலப் பெயரெச்சம் போன்றது. ஆனால் அது பன்மை விகுதியும் வேற்றுமை விகுதியும் ஏற்று, ‘கொண்டுவருகிறவர்களை’ என்று கிரேக்கரோடு இசைந்து நிற்கிறது.

முன்னொட்டுகளோடு சேர்ந்த ஃபெரோவை நம் அலுவலகங்களில் அன்றாடம் கேட்கலாம். ‘அப்பால்’ என்னும் பொருளுடைய டிரான்ஸ் சேர்ந்தால் டிரான்ஸ்ஃபெரோ, அப்பால் கொண்டுபோகிறேன். அரசு ஊழியர் காத்திருக்கும், அல்லது அஞ்சும், டிரான்ஸ்ஃபர் அதிலிருந்து வந்தது. அதே வினையின் நான்காம் அடி டிரான்ஸ்லாத்தும்; அதிலிருந்து வந்தது டிரான்ஸ்லேஷன். ஊழியரை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றுவதும், பொருளை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பெயர்ப்பதும் இலத்தீனில் ஒரே வினை. மருத்துவர் பெரிய மருத்துவமனைக்கு ரெஃபர் செய்வதும், உறவைக் குறிக்கும் ரிலேஷனும் ரெஃபெரோ, ரெலாத்தும் என்ற ஒரே வினையின் இரண்டு அடிகள். துணிக்கடையின் ஆடி ஆஃபர், எதிரே கொண்டுவந்து வைப்பதைக் குறிக்கும் ஒஃபெரோவின் பிள்ளை. பலரை ஒரே இடத்தில் கொண்டுசேர்ப்பதால் கான்ஃபரன்ஸ். அங்கே கோன்ஃபெரோ என்ற வினை இருக்கிறது. அந்த வினைக்கு இரண்டைச் சேர்த்துவைத்து ஒப்பிடுதல் என்ற பொருளும் உண்டு. ஆங்கில ஆய்வு நூல்களின் அடிக்குறிப்பில் சி.எஃப். என்று இரண்டெழுத்துச் சுருக்கம் வருமே, அது ‘கோன்ஃபெர்’ என்ற ஏவல். நம் நூல்கள் ‘ஒ.நோ.’, அதாவது ஒப்பு நோக்குக என்று எழுதுவதற்கு நேர். முன்னே சொன்ன நான்கு மொட்டை ஏவல்களில் ஒன்றான ஃபெர், இப்படி அடிக்குறிப்புகளில் இன்றும் வாசகரை ஏவிக்கொண்டிருக்கிறது.

முன்னொட்டு சேரும்போது ஒலி திரிவதை மட்டும் தொடக்கத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும். அத், லாத்தும் சேர்ந்தால் அல்லாத்தும். கோன், லாத்தும் சேர்ந்தால் கொல்லாத்தும். மிகவும் திரிந்தது ‘எடுத்துச் சென்றுவிடுகிறேன்’ என்னும் வினை: நிகழ்காலத்தில் அவ்ஃபெரோ, இறந்தகாலத்தில் அப்ஸ்துலீ, நான்காம் அடி அப்லாத்தும். இந்தக் கடைசி வடிவத்திலிருந்து ஒரு வேற்றுமையின் பெயர் பிறந்தது. ‘மலையின் வீழ் அருவி’ என்பதில் உள்ளதுபோன்ற நீங்கற் பொருளைத் தமிழ் இலக்கணம் ஐந்தாம் வேற்றுமையில் வைக்கிறது. இலத்தீனில் அந்தப் பொருளையும் ஏற்கும் வேற்றுமைக்கு அப்லாத்தீவுஸ், அதாவது ‘எடுத்து நீக்குவது’ என்று பெயர்.

இவ்வளவு பரந்து வேரோடிய ஃபெரோ, இலத்தீனிலிருந்து பிறந்த மொழிகளில் தனி வினையாக நிலைக்கவில்லை. மூன்று அடிகளையும் இரண்டு வேர்களையும் நினைவில் வைப்பதைவிட, போர்த்தாரெ என்ற முற்றிலும் ஒழுங்கான சுமத்தல் வினையைப் பேசுவது எளிதாக இருந்தது. இத்தாலியர் இன்றும் போர்த்தாரெ என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் போர்த்தே என்கிறார்கள். கொடுக்க முன்வருதலைக் குறிக்கும் ஒஃப்ரீர், துன்பப்படுதலைக் குறிக்கும் சுஃப்ரீர் போன்ற பிரெஞ்சு வினைகளில், முன்னொட்டுக்குப் பின்னால் ஃபெரோ உருமாறி நிற்கிறது. நம் ரயில் நிலையங்களில் சிவப்புச் சட்டையும் கையில் பித்தளை வில்லையுமாகப் பெட்டிகளைத் தலையில் ஏற்றிச் செல்லும் போர்ட்டரின் பெயரும், ஃபெரோவின் இடத்தைப் பிடித்துக்கொண்ட அந்தப் போர்த்தாரெயிலிருந்து வந்ததுதான்.